குடும்ப மருத்துவர் எங்கே பயில வேண்டும்?

உங்கள் ஊரில் வளர்ந்த ஆண்களும் பெண்களுமாக ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத காலத்தில் அவர்களுள் எத்தனை பேருக்கு உடம்புக்கு ஏதேனும் வரும்? எத்தனை பேர் மருத்துவரைப் பார்ப்பர்? எத்தனை பேர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வர்? இக்கேள்விகளுக்கு 1961-ஆம் ஆண்டில் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு விடை கூறினர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த புள்ளிவிவரங்களைத் திரட்டி அவர்கள் போட்ட கணக்கு இது: ஆயிரம் பேரில் 750 பேர் அம்மாதத்தில் ஏதோ ஒரு நோவை உணர்கின்றனர். 250 பேர் மருத்துவரை நாடுகின்றனர். 9 பேர் மருத்துவமனையில் படுக்கின்றனர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர்.

அந்த ஒருவரின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டுதான் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பாடம் கேட்கிறார்கள். மீதமுள்ள 249 பேரைப் பார்க்க எங்கே பழகுவது என்ற கேள்வி பாடத்திட்டத்தின் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு மாற்றாகத்தான் ‘குடும்ப மருத்துவம்’ என்ற தனித் துறையும், அதற்கென மூன்றாண்டு ரெசிடென்சிப் பயிற்சியும் ஏற்பட்டன. நம் நாட்டில் அந்தப் பயிற்சியும் பெரும்பகுதி அதே வார்டுகளுக்குள்ளேயே நடக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்லவரும் குறை.

மதுரையை எடுத்துக்கொள்வோம். இங்கு மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கியது. அதற்குரிய மருத்துவமனை பனகல் சாலையில் உள்ள அரசு இராஜாஜி மருத்துவமனை. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பது அதன் பழைய பெயர். சுற்று வட்டாரத்து மக்களுக்கு இரண்டு பெயரும் வேண்டியதில்லை, ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் போதும். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி என்று நாலு திசைகளிலிருந்தும் விடிகாலைப் பேருந்தில் ஏறி வந்து ஓ.பி. சீட்டு வாங்க நிற்கிறார்கள். கெர் ஒயிட்டின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கணக்கில் எடுத்துக்கொண்ட பிரிட்டனில் ஒரு மருத்துவர் அனுப்பினால்தான் மற்றவரிடம் போவது வழக்கம். நம் ஊரில் இருமலுக்கும் தலைவலிக்கும் நேரே பெரியாஸ்பத்திரிக்கே போகலாம். ஆகவே அந்த 250 பேரில் பலர் மருத்துவக் கல்லூரியின் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள்.

வந்தும் என்ன பயன்? பெரிய மருத்துவமனைகளில் கூட்டம் ஓ.பி.யில் இருக்கிறது, பாடம் வார்டில் நடக்கிறது. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அன்று பார்த்த மருத்துவரை அவர் அடுத்த முறை பார்ப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வாசலுக்கு வந்த 249 பேரும் பாடமாகாமலே திரும்பிப் போகிறார்கள்.

‘நோய் எங்கே இருந்தாலும் நோய்தானே? வார்டில் கற்ற வித்தை கிராமத்தில் செல்லாதா?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

நெஞ்சுவலிக்கு ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். இதயநோய் உள்ள 100 பேரில் 90 பேரை அது சரியாகக் காட்டிக் கொடுக்கும். நோய் இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாக நோயாளி என்று சொல்லிவிடும். மோசமான சோதனை அன்று. இப்போது பெரிய மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவுக்கு, வெளியே இரண்டு மூன்று மருத்துவர்கள் சலித்துப் பொறுக்கி அனுப்பியவர்கள் 1000 பேர் வருகிறார்கள். அவர்களில் 500 பேருக்கு மெய்யாகவே நோய் இருக்கிறது. சோதனை இவர்களில் 450 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 500 பேரில் 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக, ‘உண்டு’ என்று சொல்லப்பட்ட 500 பேரில் 450 பேர் மெய்யான நோயாளிகள். பத்துக்கு ஒன்பது சரி.

அதே சோதனையைப் பேரையூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்குக் கொண்டு போவோம். அங்கும் நெஞ்சில் வலி என்று 1000 பேர் வருகிறார்கள். வாயுத் தொல்லை, தசைப் பிடிப்பு, மனக் கவலை, மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று காரணம் பல. இதயநோய் உள்ளவர்கள் 20 பேர்தாம். சோதனை அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேரையும் பிடித்துக்கொள்ளும். ‘உண்டு’ என்ற விடை பெற்ற 116 பேரில் மெய்யான நோயாளிகள் 18 பேர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கருவி மாறவில்லை, அதைக் கையாண்டவரும் மாறவில்லை. எதிரே உட்கார்ந்த மக்கள் மாறினார்கள், விடையின் பொருளும் மாறிவிட்டது. மறுபக்கத்தையும் பாருங்கள். வார்டில் ‘இல்லை’ என்று விடை வந்த 500 பேரில் 50 பேருக்கு நோய் இருக்கிறது. சிற்றூரிலோ ‘இல்லை’ என்று வந்த 884 பேரில் 2 பேருக்குத்தான் இருக்கிறது. அதாவது வார்டில் ‘உண்டு’ என்பதை நம்பலாம், ‘இல்லை’ என்பதை நம்ப முடியாது. சிற்றூரில் ‘இல்லை’ என்பதை நம்பலாம், ‘உண்டு’ என்பதை எளிதில் நம்பக் கூடாது.

வார்டிலேயே வளர்ந்த இளம் மருத்துவர் இந்தத் தலைகீழ் மாற்றத்தை எங்கும் பழகியிருக்க மாட்டார். பழக்கப்பட்ட கண்ணோடு சிற்றூருக்குப் போய், அந்த 98 பேரையும் மதுரைக்கு அனுப்புவார். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, ஸ்கேன் செலவு, அதன்மேல் பயம். ஓராண்டு கழிந்ததும் ‘எல்லாம் வாயுதான்’ என்று அலுத்துப் போய், சந்தேகப்படுவதையே விட்டுவிடுவார். அப்போது அந்த 20 பேரும் ஆபத்தில் இருக்கிறார்கள். அரிதான நோயைக் கூட்டத்தின் நடுவில் அடையாளம் காண்பது, அதே சமயம் கூட்டம் முழுவதையும் கலவரப்படுத்தாமல் இருப்பது என்பது தனித் திறமை. அதை அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் கற்க முடியும்.

இத்திறமைக்கு வேண்டிய கருவிகள் விலை உயர்ந்தவை அல்ல. முதலாவது, நோயாளி சொல்வதைக் கேட்பது. 1975-இல் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் நகரில் ஹாம்ப்டன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். அனுப்பியவரின் கடிதத்தையும் நோயாளி சொன்ன வரலாற்றையும் கொண்டே 66 பேருக்கு இறுதி நோய் முடிவு சரியாக எட்டப்பட்டுவிட்டது. உடலைப் பரிசோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வுக்கூடச் சோதனைகளால் மாறியது மற்றொரு 7 பேருக்கு.

இரண்டாவது கருவி காலம். மூன்று நாள் காய்ச்சலில் முதல் நாளன்று யாராலும் திட்டமாக ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் நோய் தானே தன் முகத்தைக் காட்டும், அல்லது தானே போய்விடும். ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்பது சோம்பேறித்தனம் அன்று, அது ஒரு சோதனை முறை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நாள் கழித்து வரும் நோயாளியைப் பார்ப்பவர் அதே மருத்துவராக இருக்க வேண்டும். வேறொருவர் பார்த்தால் அவருக்கு அது மீண்டும் முதல் நாள்தான். நார்வே நாட்டில் சுமார் 45 இலட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களையும் ஓராண்டே ஆனவர்களையும் ஒப்பிட்டனர். நீண்ட காலம் தொடர்ந்தவர்களிடையே மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. இது கண்காணிப்பு ஆய்வு, ஆகையால் தொடர்ச்சி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனினும் இப்படிப்பட்ட பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் அதை எத்தனை நிறுவனங்கள் விளம்பரம் செய்திருக்கும்!

மூன்றாவது கருவி வீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கள்ளிக்குடிப் பக்கம் அறுபது வயதான ஓர் அம்மாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரத்தக் கொதிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆம்லோடிபின் மாத்திரை தருகிறார்கள். இடையில் திருமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு தனியார் மருத்துவர், பழைய சீட்டு எதுவும் இல்லாததால், அதே மருந்தை வேறு வணிகப் பெயரில் எழுதித் தருகிறார். அம்மாள் இரண்டையும் விழுங்குகிறார். நிறம் வேறு, அட்டை வேறு, அவருக்கு அவை இரண்டு மருந்துகள். சில வாரங்களில் கால் வீங்குகிறது. அது அம்மருந்து அதிகமானால் வரக்கூடிய விளைவு. மூன்றாவது மருத்துவர் வீக்கத்தைக் கண்டு நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. “கிறுகிறுன்னு வருது தம்பி” என்று நான்காவது மருத்துவரிடம் சொல்கிறார். அவர் மதுரைக்கு அனுப்புகிறார். காது மருத்துவர் காதைப் பார்க்கிறார், நரம்பு மருத்துவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், இதய மருத்துவர் இ.சி.ஜி. எடுக்கிறார். எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தவறு செய்யவில்லை.

அம்மாளின் வீட்டுச் சுவரில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. அதற்குள் எல்லா மாத்திரை அட்டைகளும் இருக்கின்றன. அதை ஒரு மருத்துவர் பாயில் கொட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அந்தப் பையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எந்த வார்டில் சொல்லிக் கொடுக்க முடியும்? வார்டில் மாத்திரையைச் செவிலியர் கொடுக்கிறார், நோயாளி விழுங்குகிறார், அட்டவணையில் குறிக்கப்படுகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் இடத்தில் ஒழுங்கின்மையைக் கற்க வழி இல்லை.

வீட்டை நம்பிச் சிகிச்சை செய்யலாம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியது நம் மாநிலம்தான் என்பதை எண்ணினால் வருத்தம் அதிகமாகிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும், இரு பகுதிக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்கள், உணவும் ஓய்வும் குறைவாக இருந்தும், ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம். ஆனால் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போனார்கள், மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். அதாவது மஞ்சள் பையை அவிழ்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை வார்டை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, மருத்துவக் கல்வி வார்டிலேயே தங்கிவிட்டது.

இந்நிலை யாரும் கவனிக்காமல் ஏற்பட்டதன்று. 1946-இல் போர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோதே, மக்களோடு வாழும் ‘அடிப்படை மருத்துவர்’ ஒருவரை உருவாக்க வேண்டும் என்றுதான் சொல்லிற்று. அதே அறிக்கை, குறுகிய காலம் படித்து எல்.எம்.பி. பட்டயத்தோடு சிற்றூர்களில் தொழில் செய்துவந்த மருத்துவர் வகையை நிறுத்திவிடச் சொன்னது. குழு உறுப்பினர்களுள் சிலர் இதற்கு மாற்றுக் கருத்து எழுதினர், ஆனாலும் அந்த வகை மறைந்தது. அதன் இடத்தை எம்.பி.பி.எஸ். பட்டதாரி நிரப்புவார் என்பது எதிர்பார்ப்பு. அவரோ ஐந்தரை ஆண்டும் பெரிய மருத்துவமனையில் கழித்தவர். 1975-இல் ஸ்ரீவஸ்தவா குழு, மருத்துவக் கல்வி நம் நாட்டுத் தேவைகளை ஒட்டி இல்லை என்று மீண்டும் குறைப்பட்டது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் முதற்கட்டமாக மூன்று வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. கல்லூரிகள் ஊர்களுக்கு வண்டி அனுப்பின, ஆனால் பாடம் நடத்தும் இடத்தை மாற்றவில்லை.

2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இன்னும் தெளிவாகப் பேசிற்று. பட்ட மேற்படிப்பு இடங்களில் பொதுச் சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் உரிய பங்கைப் படிப்படியாக உயர்த்தி, நான்கில் ஒரு பங்கு அவற்றுக்கே ஒதுக்கப்படும் நிலையை எட்ட வேண்டும் என்றது. நான்கில் ஒன்று! இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நாடு அந்த அளவின் அருகில்கூட வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒருசில இடங்கள் எம்.டி. குடும்ப மருத்துவம் தொடங்கி முன்னோடியாயின. 2017-ஆம் ஆண்டுக் கொள்கையும் இத்துறையை ஊக்குவிக்க வேண்டும் என்றது. கொள்கை எழுதுவோருக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது போலும்.

இதற்கிடையில் நம் மக்களின் வாயில் ஒரு சொல் குடியேறிவிட்டது: ‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ பெண் பார்க்கும் இடத்திலும் கேட்கிறார்கள், நோயாளியும் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கேட்கிறார்: “வெறும் எம்.பி.பி.எஸ். தானா?” அந்த ‘வெறும்’ பட்டதாரி, பயிற்சி ஆண்டில் நோயாளியின் அருகில் நிற்க வேண்டிய நேரத்தில், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வித்தையைப் பயில்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடும்ப மருத்துவராக மதிப்போடு வாழ அவருக்கு நாம் ஒரு பாதை காட்டவில்லை.

காட்டியிருக்கும் பாதையையும் சற்றுப் பார்ப்போம். தேசியத் தேர்வு வாரியத்தின் குடும்ப மருத்துவ ரெசிடென்சி மூன்றாண்டுக் காலம். பயிற்சி மருத்துவர் பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு பிரிவிலும் சில மாதங்கள் சுற்றி வருகிறார். பல திறமைகள் கைவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவும் அவருக்குத் தன் துறையின் சிறு பதிப்பைக் கற்பிக்கிறது. குழந்தை வார்டில் பார்த்த குழந்தையின் தாயை அவர் மகப்பேறு வார்டில் சந்திப்பதில்லை, தாத்தாவை மருத்துவ வார்டில் சந்திப்பதில்லை. ஐந்தாறு துறைகளைக் கூட்டினால் ஒரு குடும்பம் வந்துவிடும் என்று நினைப்பது கணக்குப் பிழை. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு, எல்லா வார்டிலும் இரவு டூட்டி பார்க்கக்கூடிய ஒரு பயிற்சி மருத்துவர் மிகவும் வசதியானவர். அந்த வசதி பாடத்திட்டமாக உருமாறிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் 1955-இல் டாக்டர் ஏ.கே. தாரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகியோர் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் பிரிவதற்கு முன் அவ்வூர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னாளில் அங்கே குடும்ப மருத்துவ ரெசிடென்சியும் நடத்தப்பட்டது. அப்படிப்பட்ட சிற்றூர் மருத்துவமனையில் ஒரே இரவில் பிரசவமும் பாம்புக் கடியும் காய்ச்சல் குழந்தையும் ஒருவர் கைக்கே வரும். துறைச் சுவர்கள் தாழ்ந்திருக்கும். நகரத்துப் பெரிய மருத்துவமனையைவிட இது எவ்வளவோ மேல். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இன்னொரு வழியைக் காட்டிற்று. 1982-இல் நகரத்து ஏழை மக்களுக்காக அது தொடங்கிய குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு, குடும்ப மருத்துவம் பழகும் இடமாகவும் வளர்ந்தது. தொழிலில் இருக்கும் மருத்துவர்களுக்கு அக்கல்லூரி நடத்தும் தொலைநிலைப் பட்டயப் படிப்பின் நோக்கம், வெளியே அனுப்புவதைக் குறைத்து, வந்த இடத்திலேயே நோயைத் தீர்ப்பதைக் கூட்டுவது. என் கணக்கிலுள்ள அந்த 98 பேருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

பழைய குடும்ப டாக்டரை நினைத்து உருகுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மிக்சர் சீசா, அதில் வேளை அளவுக்கு வெட்டி ஒட்டிய காகிதம், வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிக்கும் டாக்டர் என்று பெரியவர்கள் ஆசையோடு பேசுவார்கள். விசாரிப்பு நல்லதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டதும் அதே டாக்டர்தான். ஊசி போடாதவரை மக்களும் டாக்டராக மதிக்கவில்லை. 1950-இல் பிரிட்டனில் காலிங்ஸ் என்ற மருத்துவர் பொதுமருத்துவர்களின் கிளினிக்குகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பல இடங்களின் கேவல நிலையை வெளிப்படையாக எழுதினார். பிரிட்டன் அதற்காகக் குடும்ப மருத்துவரைக் கைவிடவில்லை. 1952-இல் அவர்களுக்கென ஒரு கல்லூரி அமைப்பு ஏற்பட்டது. 1976-இல் சட்டம் இயற்றி, 1980-களின் தொடக்கம் முதல், மூன்றாண்டுப் பயிற்சி பெறாதவர் பொதுமருத்துவராக முடியாது என்று ஆக்கினர். அதிலும் முதலில் ஓராண்டு மட்டுமே கிளினிக்கில், மீதி மருத்துவமனையில் என்றிருந்தது. பிறகு கிளினிக்கின் பங்கு பாதி அளவுக்கு உயர்ந்தது. அமெரிக்காவில் 1969-இல் குடும்ப மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டது. அங்கே பயிற்சி மருத்துவருக்கு முதல் ஆண்டிலிருந்தே தமக்கென்று சில குடும்பங்கள் உண்டு. எந்த வார்டில் சுழற்சியில் இருந்தாலும் வாரத்தில் குறித்த நேரம் தம் கிளினிக்குக்குத் திரும்பி, அவர்களைப் பார்க்க வேண்டும். மூன்றாண்டில் 1,650 முறையாவது நோயாளிகளைத் தம் கிளினிக்கில் பார்த்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதியே இருந்தது.

நம் நாட்டிலும் சிறு அசைவுகள் தெரிகின்றன. 2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் ‘தத்தெடுத்து’ அவ்வப்போது போய்ப் பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல விதை. ஆனால் சிகிச்சைப் பொறுப்பு இல்லாத மாணவர் ஆண்டில் சில நாள் பேருந்தில் போய்ப் பதிவேட்டை நிரப்பி வருவதாக அது சுருங்கிவிடக் கூடும். பொறுப்பு ஏற்கக்கூடிய ரெசிடென்ட் மருத்துவருக்கல்லவா இந்த ஏற்பாடு முதலில் வேண்டும்? பட்ட மேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது. அதுவும் இன்னொரு மருத்துவமனைதான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி வளர்ந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாட்டில் இது பெரிய காரியம். அந்தத் தன்னார்வலரின் பின்னே, மஞ்சள் பையை அவிழ்த்துப் பார்க்கப் பழகும் ஒரு ரெசிடென்ட் மருத்துவரும் போனால் திட்டத்துக்கும் நல்லது, மருத்துவருக்கும் நல்லது.

வேலைக்கு ஏற்பப் பயிற்சியை வடிவமைப்பதில் மதுரை உலகுக்கே பாடம் சொன்ன ஊர். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே எந்த வேலைக்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று பிரித்துப் பார்த்து, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அந்தந்த வேலைக்குப் பழக்கினார்கள். கண் என்ற ஓர் உறுப்புக்குச் செய்ய முடிந்ததை முழு மனிதனுக்கு ஏன் செய்ய முடியவில்லை? முழு மனிதனுக்குச் சொந்தம் கொண்டாடும் துறை எதுவும் கல்லூரியில் வலுவாக இல்லை என்பதே நான் காணும் விடை.

தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022-இல் அதன் முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிக்கத் தொடங்கினர். கட்டிடம் எப்போது எழும் என்று இவ்வட்டாரத்தார் ஓயாமல் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆயினும் ஆயிரத்தில் ஒருவருக்கான இடத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு, 249 பேரைப் பார்ப்பவரின் பயிற்சியைப் பற்றி ஒரு பேச்சும் காணோம். அப்பயிற்சிக்கு வேண்டியது திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ ஒரு சாதாரண கிளினிக், இருநூறு குடும்பங்களின் பெயர் எழுதிய பதிவேடு, மூன்றாண்டும் அதே குடும்பங்களைப் பார்க்கும் இரண்டு மூன்று ரெசிடென்ட்டுகள், அருகில் உட்கார்ந்து திருத்த ஓர் ஆசிரியர். வார்டுச் சுழற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவமும் அவசர சிகிச்சையும் வார்டில்தான் கற்க முடியும். கிளினிக்கிலிருந்து வார்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்கிறேன். நடப்பதோ வார்டிலிருந்து எப்போதாவது கிளினிக்கை எட்டிப் பார்ப்பது.

ஆசிரியர் யார் என்பதில்தான் உண்மையான சிக்கல். இவ்வேலையில் கைதேர்ந்தவர் மதுரைச் சமவெளியில் இல்லாமல் இல்லை. முப்பது ஆண்டாக ஒரே ஊரில் கிளினிக் வைத்து, மூன்று தலைமுறையைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பயிற்சி மருத்துவர் இப்படிப்பட்டவரின் கிளினிக்குக்கே அனுப்பப்படுகிறார். அங்குள்ளவர் தனியாகப் பயிற்றுநர் தகுதி பெற்று ஆசிரியராகிறார். நம் விதிகளின்படி ஆசிரியராக வேண்டுமானால் பட்ட மேற்படிப்பு வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்துவிட்டு முப்பது ஆண்டு ஊருக்கு உழைத்தவர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அவருடைய பழக்கங்களில் திருத்த வேண்டியவை இருக்கலாம், ஊசி உட்பட. ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சி கொடுத்து, தகுதி பார்த்து, அவருடைய கிளினிக்கையே கல்லூரியின் ஒரு வகுப்பறையாக ஏற்றுக்கொள்ள விதியில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். அதுவரை ரெசிடென்ட் மருத்துவர் மகப்பேறு வார்டிலிருந்து அறுவை வார்டுக்கு மாறிக்கொண்டிருப்பார், கள்ளிக்குடி அம்மாள் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருப்பார்.